மிஞ்சிய நட்டுகள்

போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்குத் தப்ப, இலங்கையின் நாலந்தா கெடிகே கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் மேட்டில் மறுபடி கட்டி முடித்தார்கள். கோயில் கோயிலாகவே எழுந்தது. தாத்தாவின் பிஎஸ்ஏ பேன்டம் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டினால் மட்டும் கை நிறைய நட்டு மிஞ்சுகிறது. “வெள்ளைக்காரன் தாராளமாப் போட்டிருக்கான் தம்பி” என்கிறார் கராஜ்கார அண்ணன். போரில் தோற்ற ஜெர்மனியின் டிகேடபிள்யூ வரைபடத்தை நட்டஈடாகப் பெற்று, 1948இல் வண்டியாக்கி விற்றவனுக்கா தாராளம்?

தாத்தா விட்டுப்போனது வண்டி; அப்பா விட்டுப்போனது கராஜ் கடன். 2020இல் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியதும், மூலையில் கிடந்த பழைய இரும்பு ஒரே இரவில் பரம்பரைச் சொத்தானது. ஏ9 வீதியில் இறக்கமென்றால் அது என்னைச் சுமக்கும். ஏற்றம் வந்தால் முறை மாறும்.