வயது 40, வெயில் 46

நாற்பது வயதானதை மறக்க வேண்டுமானால் பாம் ஸ்பிரிங்ஸுக்குப் போக வேண்டும் என்று கலிபோர்னியாவில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆறு பேர் போனோம், ஜூலையில். அப்போதுதான் அறை வாடகை மலிவு. ஏன் மலிவு என்பது காரைவிட்டு இறங்கியதும் விளங்கியது. 2024 ஜூலையில் இந்த ஊர் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. எங்களுக்கு வெறும் 46தான், அதிர்ஷ்டக்காரர்கள்.

நீச்சல்குளம் அண்டாவில் போட்டுவைத்த வெந்நீர். உணவகத் தாழ்வாரத்தில் மெல்லிய குழாய்களிலிருந்து தண்ணீரைத் தூவுகிறார்கள். தோளில் விழுமுன்பே ஆவியாகிவிடுகிறது. வெளியே வைத்த கேக்கில் முதலில் க்ரீம் ரோஜா சரிந்தது. பிறகு ‘40’இல் இருந்த பூஜ்யம் மெதுவாக வழிந்து இறங்கியது. மிச்சம் நின்றது நான்கு. பிறந்தநாள்காரருக்குப் பரம திருப்தி, போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கேபிள் கார். 1963இல் திறந்தது. பெட்டியின் தரை சுழன்றுகொண்டே பத்து நிமிடத்தில் சான் ஹசிண்டோ மலையில் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் விட்டது. கீழே வெயிலைத் திட்டியவர்கள், மேலே காற்று பட்டதும் ஜாக்கெட் கொண்டுவராததற்கு ஒருவரையொருவர் திட்டினார்கள்.

இங்கே காலங்காலமாக வாழும் கவியா பழங்குடியினர், அந்தக் காலத்தில் கோடை வந்தால் நிழலுள்ள மலைப் பள்ளத்தாக்குகளுக்குக் குடிபெயர்ந்துவிடுவார்களாம். பாவம், திருப்பித் தராத முன்பணம் கட்டியிருக்கவில்லை.