தவுடு தின்ன மாடும் டப்பா வாங்கின பேரனும்

வா நைனா, குந்து. மொட்டை உனக்குப் பொருத்தமா இருக்குது. மண்டை நல்ல வடிவுன்னு இப்பத்தான் தெரியுது. உள்ள எப்படின்னு பேசிப் பாத்துக்கலாம். சந்தனம் காயறதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மலை மேல முருகனுக்கு இன்னா குடுத்துட்டு வந்தே? முடியா? முடின்னா இன்னா? புரதம்டா. கெரட்டின்னு பேரு. அதுல கந்தகம் கலந்திருக்குது. நம்பிக்கை இல்லன்னா ஒத்த முடியை விளக்குல காட்டு, வூட்டை விட்டு வெளிய ஓடுவே. அந்த நாத்தம் கந்தகத்தால வர்றது. சூரனை முடிச்சுட்டுக் கோவம் தணிய வந்து நின்ன எடம் நம்ம திருத்தணி, அதனாலதான் மத்த முருகன் கோயில் மாதிரி இங்க சூரசம்ஹாரம் நடத்தறதில்ல. அப்படி சாந்தமா நிக்கிறவர்கிட்ட மூட்டை மூட்டையா கந்தகத்தைக் கொண்டாந்து கொட்டுறோம். கந்தனுக்குக் கந்தகம். போவட்டும்.

உன் பையி வாயைத் தொறந்துக்கினு இருக்குது, அதனால பேசறேன். உள்ள ரெண்டு டப்பா. ஒண்ணு பயில்வான் படம் போட்ட புரோட்டீன் பவுடர். இன்னொண்ணு ஏ-யில ஆரம்பிச்சு ஜிங்க்குல முடியற மாத்திரை. வெலையைப் பாத்தேன். ஒரு சைபர் கூடத் தெரியுதேன்னு கண்ணாடி போட்டுக்கினு மறுபடியும் பாத்தேன். சைபர் அங்கயேதான் இருந்துச்சு.

சம்பாதிக்கிறே, வாங்குறே, கேக்க நான் யாரு. எதுக்கு வாங்குறேன்னு தெரிஞ்சுக்கினு வாங்கு, அவ்ளோதான். நான் ஹல்லர் மில்லுல பாதி ஆயுசு தவுடு அள்ளினவன். மீதி ஆயுசு லைப்ரரியில ஃபேனுக்கு நேரா குந்திக்கினு ஓசியில படிச்சவன். ராதாகிருஷ்ணன் பொறந்த ஊருடா இது, வாத்தியார்த்தனம் எவனையும் வுடாது.

உன்னை 70 கிலோன்னு வெச்சுக்கோ. கோச்சுக்காதே, மொட்டை போட்டதுல ரவ கொறைஞ்சிருக்கும். அதுல ஆக்சிஜன் மட்டும் 45 கிலோ, பெரும்பாலும் தண்ணியா நிக்குது. கார்பன் 12, 13 கிலோ. ஹைட்ரஜன் 7. நைட்ரஜன் 2. இந்த நாலு சரக்குலயே நூத்துக்கு 96 பங்கு முடிஞ்சுபோச்சு. சுண்ணாம்புச் சத்து ஒரு கிலோ, கிட்டத்தட்ட அத்தனையும் எலும்புலயும் பல்லுலயும். இரும்பு 4 கிராம். உன்னை உருக்கினா ஒரு ஆணி தேறும். அயோடின் 20 மில்லிகிராமைத் தாண்டாது, ஆனா அந்தத் துளி கெடைக்கலன்னா தொண்டையில கழலை கட்டிக்கும். அதுக்குத்தான் சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விக்கக் கூடாதுன்னு 2006-ல நாடு முழுக்கச் சட்டம் போட்டாங்க. நீ ரோஸ் கலர்ல ஒரு இமயமலை உப்பு வாங்கியாந்து உங்க ஆயாவுக்குக் குடுத்தியே, அதுல அயோடின் இருக்குதான்னு சீட்டைப் படி. கலருக்குத் துட்டு குடுத்தா கலர்தான் கெடைக்கும்.

நைட்ரஜன் கதைதான் எனக்குப் புடிச்சது. நீ இழுக்கிற மூச்சுல அஞ்சுல நாலு பங்கு அதான். உள்ள போயி சும்மா சுத்திப் பாத்துட்டு வெளிய வந்துடும், ஒரு பொட்டு ஒட்டாது. அதைப் புடிச்சுக் கட்டிப் போடற வித்தை மனுச ஒடம்புக்குத் தெரியாது, மாட்டுக்குத் தெரியாது, நெல்லுக்கும் தெரியாது. வேர்க்கடலைச் செடியைப் புடுங்கினா வேருல சின்னச் சின்ன முண்டு இருக்குதே, அதுக்குள்ள குடியிருக்கிற ரைசோபியம்னு ஒரு கிருமிக்குத் தெரியும். அது செடிக்கு நைட்ரஜன் குடுக்கும், செடி அதுக்குச் சக்கரை குடுக்கும். அதனாலதான் கடலையில நூத்துக்கு 25 பங்கு புரதம். நாம இன்னா பண்றோம்? எண்ணெயை ஆட்டி எடுத்துட்டுப் புண்ணாக்கை மாட்டுக்கு வெக்கிறோம். மாடு பாலாக் குடுக்குது. அந்தப் பாலைத் திரிச்சா நிக்கிற தெளிதண்ணியிலேருந்து புரதத்தைப் பிரிச்சுத் தூளாக்கி, டப்பாவுல போட்டு, பயில்வான் படம் ஒட்டி உனக்கு விக்கிறான். கடலைக்கும் உனக்கும் நடுவுல எத்தினி பேரு துட்டு பாத்தாங்கன்னு நீயே எண்ணிக்கோ, கம்ப்யூட்டர் வெச்சிருக்கியே.

அந்தப் புரதமும் ஒரே சரக்கு இல்ல. 20 அமினோ அமிலத்தைக் கோத்தது. அதுல 9 ஒடம்பால செய்ய முடியாது, வாய் வழியாத்தான் உள்ள போவணும். ஒண்ணு கொறைஞ்சாலும் தவில்காரர் வராத நாயனக் கச்சேரிதான். அரிசியில லைசின் கொறைச்சல். பருப்புல அது தாராளம். பருப்புல கொறையற மெத்தியோனின் அரிசியில இருக்குது. ரெண்டையும் ஒரே பானையில போட்டாப் பொங்கல், ஆட்டிப் புளிக்க வெச்சா இட்லி.

உடனே 'முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை'ன்னு போன்ல தட்ட ஆரம்பிச்சுடாதே. முன்னோருல முட்டாளும் இருந்தாங்க, எனக்குப் பேரோட தெரியும். குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுல எடம் புடிச்சு 1918-ல பெரிபெரி ஆராய்ச்சின்னு ஆரம்பிச்சாரு. 1920-கள்ல எலிங்களைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, ஒண்ணுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒண்ணுக்குப் பட்டாணியர் சாப்பாடு, அப்பால மராத்தியர், கூர்க்கா, கன்னடியர், வங்காளி, மதராசின்னு தனித்தனியா பந்தி வெச்சு எடை பாத்தாரு. கோதுமை ரொட்டி, பாலு, நெய்யி, பருப்பு, பச்சைக் காய்னு தின்ன சீக்கிய எலி மொதல் எடம். நம்ம மதராசி எலி கடைசி. தீட்டி, கழுவி வெளுத்த சோறு, பேருக்குப் பாலு மோரு, மேல காப்பி. எலி பாவம், இன்னா பண்ணும். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல ஐதராபாத்துக்குப் போயிடுச்சு. ரெண்டு வருசத்துல, 1960 ஏப்ரல் 1-ல, ம.பொ.சி. மல்லுக்கட்டினதுல திருத்தணி ஆந்திராவுலேருந்து இந்தப் பக்கம் வந்துச்சு. எலி அங்க, மலை இங்க. நமக்கு நஷ்டமில்ல.

எல்லையைக் கோடு போட்டுப் பிரிச்சாங்களே தவிர அரிசியைப் பிரிக்க முடியல. நம்ம தெருவுலயே எதிர்வூட்டுல பச்சரிசி, நம்ம வூட்டுல புழுங்கல். இதுலதான் விஷயம் இருக்குது. நெல்லுல உமி போனா உள்ள பழுப்பா ஒரு மெல்லிசுத் தோலு, ஓரத்துல முளை. ஹல்லர்ல வுட்டு வெள்ளையாக்கறப்ப அது ரெண்டும் தவுடா உதிரும். அதோட தயமின்னு சொல்ற பி1-ம் போயிடும். அது இல்லன்னா தின்ன சோறு சக்கரையாவும், சக்கரை சக்தியாவாது. காலு மரத்துப் போவும், நடை தள்ளாடும், நெஞ்சு வீங்கும். அதான் பெரிபெரி.

ஜாவாவுல எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர், 1890 வாக்குல, இதுக்குக் கிருமி தேடிக்கினு இருந்தாரு. அவரு வளத்த கோழிங்க காலு வெளங்காம விழுந்துச்சு, அப்பால தானாவே எழுந்து நடந்துச்சு. விசாரிச்சா, ஆஸ்பத்திரி சமையல்காரர் வெள்ளைச் சோத்தைக் கோழிக்குப் போட்டுக்கினு இருந்திருக்காரு. அவரு போயி புதுசா வந்தவரு, பட்டாளத்து அரிசி ஊருக் கோழிக்கு எதுக்குன்னு நிறுத்திட்டாரு. தீட்டாத அரிசி கெடைச்சதும் கோழி பொழைச்சுக்குச்சு. 1929-ல எய்க்மனுக்கு நோபல் பரிசு. கையை இறுக்கிப் புடிச்ச சமையல்காரருக்கு ஒண்ணும் இல்ல.

நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரும் இதுல உண்டு. ராபர்ட் வில்லியம்ஸ். மிஷனரி மவன், 1886-ல நெல்லூர்ல பொறந்தவரு. ரேணிகுண்டா, கூடூரு தாண்டினா நெல்லூரு, அரிசிக்குப் பேர் போன ஊரு. அவரு வேலைக்குப் போன மணிலாவுல பெரிபெரி வந்த கொழந்தைங்களுக்குத் தவுட்டுச் சாறு குடுத்துப் பாத்தாங்க, பொழைச்சுது. அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு அன்னிக்குப் புடிச்ச பைத்தியம் வுடல. அமெரிக்காவுல டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல உத்தியோகம். பகல்ல டெலிபோன் வேலை, ஓஞ்ச நேரத்துல தவுடு. டன் கணக்குல தவுட்டை வெச்சுக்கினு கிராம் கணக்குல எடுத்து, 1936-ல அந்தச் சத்தோட அமைப்பு இதுதான்னு சொல்லி, செயற்கையா செஞ்சும் காட்டிட்டாரு. உன் மாத்திரைச் சீட்டுல பி1-ன்னு இருக்குதே, அது நெல்லூர்ல பொறந்தவர் கைங்கரியம்.

புழுங்கலுக்கு வா. நெல்லை ஊறவெச்சு ஆவி காட்டறப்ப தவுட்டுல இருக்கிற பி சத்து கரைஞ்சு அரிசிக்குள்ள போயி உக்காந்துக்குது. அப்பால தீட்டினாலும் முழுசாப் போவாது. அதனால புழுங்கல் தின்ன தமிழ் ஜில்லாக்காரங்க தப்பிச்சாங்க. மில்லுல தீட்டின பச்சரிசி தின்ன வட சர்க்கார்ப் பக்கம், விசாகப்பட்டினம், கோதாவரின்னு பெரிபெரி ஆட்டி வெச்சுது. இதை நான் எதிர்வூட்டுக்காரர்கிட்ட ரொம்பப் பெருமையா சொன்னேன். அவரு நிதானமா கேட்டுட்டு, 'பொங்கலன்னிக்கு உங்க வூட்டுப் பானையில எந்த அரிசி?'ன்னாரு. அன்னியோட எல்லைப் பிரச்சினை தீந்துபோச்சு.

நான் அள்ளின தவுடெல்லாம் மாட்டுக்குத்தான் போச்சு. இதுல கூத்து இன்னான்னா, மாட்டுக்கு அந்த பி1 தேவையே இல்ல. அதோட வயித்துல இருக்கிற கிருமிங்களே பி சத்தைச் செஞ்சு குடுத்துடும். தேவைப்படாத மாடு தவுடு தின்னுச்சு, தேவைப்பட்ட நாம வெள்ளையாத் தின்னுட்டு, தள்ளினதை டப்பாவுல வாங்குறோம். அப்பால கவருமெண்டே ரேஷன் அரிசியில சத்து கலந்து குடுத்துச்சு. மாவுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேத்து அரிசியாட்டம் அச்சுல புடிச்சு, நூறு அரிசிக்கு ஒண்ணுன்னு கலந்தாங்க. களையறப்ப அது மெதக்கும். பிளாஸ்டிக் அரிசின்னு உங்க ஆயா பொறுக்கி வீசிடுச்சு. எது சத்தோ அதைக் கரெக்டா பொறுக்கி வீசறதுல நம்ம பரம்பரையை அடிச்சுக்க ஆளில்ல.

அப்ப மாத்திரையே வேணாமான்னு கேப்பே. டாக்டர் எழுதிக் குடுத்தா வாயை மூடிக்கினு, சரி, வாயைத் தொறந்தே போட்டுக்கோ. பாலு, முட்டை, கறி எதையுமே தொடாதவங்களுக்கு பி12-க்கு மாத்திரைதான் கதி, செடி கொடியில அது கெடையாது. நீ கிருத்திகை போவ மத்த நாளெல்லாம் கடிச்சுப் போட்ட எலும்புக்கு நம்ம தெரு நாய் சாட்சி. பி-யும் சி-யும் கூடிப் போனா பெரும்பாலும் மூத்திரத்துல போயிடும். காலையில பளிச்சினு மஞ்சளாப் போவுதே, பயப்படாதே, மஞ்சக் காமாலை இல்ல, உன் சம்பளம். ஏ, டி ரெண்டும் அப்படி இல்ல, ஒடம்புலயே தங்கிடும், மேல மேலப் போட்டா கெடுதி.

கேவுருல 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து, பால்ல 120 சுமார். ஆனா பைட்டிக் அமிலம்னு ஒண்ணு உள்ள குந்திக்கினு அதை லேசுல வுடாது. புளிக்க வெச்சாலோ முளை கட்டினாலோ புடி தளரும். ஆடிக் கூழுல இருக்கிற புளிப்பு அந்த வேலையைப் பண்ணுது. முருங்கைக் கீரையைத் தின்னுட்டுக் கையோட டீ குடிக்கிற பழக்கத்தை வுடு, டீயில இருக்கிற டானின் இரும்பைக் கட்டிப் போட்டுடும். எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோ, அது இரும்பை உள்ள இழுத்து வுடும். டீக்கு ஒரு மணி நேரம் பொறு. டீக்கடைக்காரர் எனக்குத் தெரிஞ்சவர்தான், ஓடிப் போயிட மாட்டாரு.

பாக்கி இருக்கிறது டி ஒண்ணுதான். சாப்பாட்டுல அது ரொம்பக் கொறைச்சல். தோலுல இருக்கிற கொலஸ்ட்ரால் வகையறா ஒண்ணு மேல புற ஊதாக் கதிர் பட்டா அது டி-யா மாறும். அந்தக் கதிர் கார் கண்ணாடியைத் தாண்டாது. விடியக்காலம் வர்ற வெயிலுலயும் அது கெடையாது, உச்சிக்கு வரணும். 365 படி கட்டி வெச்சிருக்காங்க, நீ மலை மேல வரைக்கும் ஏசி காருல போயி ஏசி காருலயே இறங்கி வந்திருக்கே. நாளைக்குப் பத்தரை மணிக்கு மேல படியேறிப் போ. கல்லு சுடும்தான். வேண்டுதல்னு நெனைச்சுக்கோ. கோயிலுக்குப் போறவனுக்குச் செருப்பு எதுக்கு, திண்ணையிலயே வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன். மெத்துமெத்துன்னு இருக்குது. அது எட்டாம் நம்பர்தானே?