பூட்டிலக்கணம்

காசு கொடுத்து கேம் வாங்கியவர், அதை ஆடத் தொடங்கும் முன் தாம் திருடரல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டிய முறைகளைத் தொகுத்தும் வகுத்தும் சொல்வது இந்நூல். கற்பதற்கு உரியவர் யாரெனின், ஒரு கேமையேனும் முழு விலைக்கு வாங்கி, 'உங்கள் பிரதியைச் சரிபார்க்க இயலவில்லை' என்ற செய்தியை ஒரு முறையேனும் வெறித்துப் பார்த்தவர். டோரண்டில் இறக்கி ஆடுபவருக்கு இக்கல்வி வேண்டியதில்லை. இங்கே சொல்லப்படும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். க்ராக் செய்தவர் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். வாசல் வழியாக மொய்க் கவரோடு வந்தவரை நிறுத்தி 'பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, எந்த வழியில் உறவு' என்று குடைந்துகொண்டிருக்க, பின்சுவர் ஏறிக் குதித்தவர் முதல் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்கும் கல்யாணம் இது. இதுவே இத்துறையின் மூலம், மற்றதெல்லாம் விரிவு.

முன்னோர் பூட்டுகளை பிளாப்பிக் காலத்தவை, சிடி காலத்தவை, இணையக் காலத்தவை என்று வகுத்தனர். அது பூட்டு செய்தவரின் பார்வை. மாட்டிக்கொண்டவரின் பார்வையில், பூட்டு என்ன கேட்கிறது என்பதே பிரித்தறியும் வழி. எனவே,

வினவுவ, வினவாது வதைப்பன எனஆங்கு
இருவகைப் படூஉம் பூட்டின் இயல்பே.

வினவுவன ஐந்து. உன் கையில் என்ன இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது, இது எத்தனையாவது முறை, இப்போது இருக்கிறாயா, நீ நேற்றைய நீதானா. இவ்வரிசை காலவரிசையும் ஆகும், அவநம்பிக்கை முற்றிய வரிசையும் ஆகும்.

முதலாவது கைப்பொருள் வினா. 1980-களில் கேம் விற்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: கேசட்டையும் பிளாப்பியையும் படியெடுப்பவர் தாளைப் படியெடுக்கச் சோம்புவார். ஆகவே விடையைத் தாளில் வைத்தார்கள். 1989-இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் முதல் கட்டத்தைத் தாண்டினால் ஓர் அறை நிறையக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அதைக் குடிக்க வேண்டும். தவறான குப்பி உடம்புக்கு ஆகாது. அதே ஆண்டின் 'சிம்சிட்டி', ஊர்களின் பட்டியலைக் கருஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டுத் தந்தது. ஜெராக்ஸ் எடுத்தால் முழுக்கக் கறுப்பாகவே வரும். வாங்கியவர் படித்தாலும் ஏறத்தாழ அப்படித்தான் தெரியும் என்பது வேறு விஷயம். 1984-இன் 'ஜெட் செட் வில்லி'யில் வண்ணக் கட்டங்கள் கொண்ட அட்டை வந்தது. கலர் ஜெராக்ஸ் அரிதாக இருந்த காலம். நிறக்குறைபாடு உள்ளவர் என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இவ்வகையின் உச்சம் லென்ஸ்லாக். விரிவாகக் காண்பது தகும். 'எலைட்' என்னும் விண்வெளி வணிக கேமின் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் பதிப்போடு, மடக்கக்கூடிய சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் பட்டகங்களை வரிசையாகப் பதித்த கண்ணாடி ஒன்று வந்தது. கேசட்டிலிருந்து கேம் ஏறச் சில நிமிடம். ஏறி முடிந்ததும் திரையில் நொறுங்கிய கோடுகள் தோன்றும். கண்ணாடியின் அகலத்துக்குச் சரியாக வரும் வரை அக்கோடுகளை விசைகளை அழுத்திச் சுருக்க வேண்டும், விரிக்க வேண்டும். பிறகு கண்ணாடியைத் திரையருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்த்தால் இரண்டெழுத்து தெரியும், அல்லது தெரிந்த மாதிரி இருக்கும். அதைத் தட்ட வேண்டும். மூன்று தடவை தப்பினால் கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அக்காலத்தில் வீட்டு டிவியே திரை. டிவி மிகப் பெரிதானாலோ மிகச் சிறிதானாலோ கோடுகள் கண்ணாடிக்கு அடங்கா. இவ்வளவும் போதாதென்று, சில பெட்டிகளில் வேறொரு கேமுக்கு உரிய கண்ணாடியை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதை வாங்கியவர் எத்தனை கண்ணை மூடினாலும் பயனில்லை.

இத்தாள்களையும் சக்கரங்களையும் இன்று நினைத்து உருகுவோர் உண்டு. 1990-இல் வந்த 'மங்கி ஐலண்ட்'டின் கடற்கொள்ளையர் முகச் சக்கரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. உருகலாம், தவறில்லை. அச்சக்கரத்தைத் தொலைத்தவர் மட்டும் உருகியதாகச் செய்தி இல்லை.

இரண்டாவது வட்டு வினா. சிடி உள்ளே இருக்கிறதா, அது அசல்தானா? சேஃப்டிஸ்க், செக்யூரோம், ஸ்டார்ஃபோர்ஸ் முதலியன இதன்பாற் படும். கேட்பது சிறு கேள்வியானாலும், கேட்பதற்காக விண்டோஸின் அடித்தளத்திலேயே டிரைவர் ஒன்றை இறக்கிக் குடியமர்த்தியவை உண்டு. கேமை நீக்கினாலும் குடி போகாதவையும் உண்டு. 2015-இல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்பைக் காரணம் காட்டி இத்தகைய பழைய டிரைவர்களை உள்ளே விட மறுத்தது. அன்று முதல் அலமாரியில் அசல் சிடி வைத்திருப்பவரின் கேம் ஓடவில்லை. க்ராக் செய்த பிரதி ஓடுகிறது.

மூன்றாவது எண் வினா. 2007-இன் 'பயோஷாக்' கேமை இரண்டு கம்ப்யூட்டரில் மட்டும் ஆக்டிவேட் செய்யலாம் என்றார்கள். கூச்சல் எழுந்ததும் ஐந்தாயிற்று. மறு ஆண்டு செப்டம்பரில் 'ஸ்போர்' வந்தது, மூன்று என்றது. உயிரினங்களை ஒரு செல்லிலிருந்து விண்வெளி வரை வளர்க்கும் கேம். பரிணாமத்துக்கு வரம்பில்லை, இன்ஸ்டாலுக்கு உண்டு. விண்டோஸை ஃபார்மட் செய்தால் ஒன்று போச்சு. கம்ப்யூட்டரை மாற்றினால் இன்னொன்று. வாங்கியவர்கள் அமேசானில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். சிலர் கேமின் உயிரின வடிவமைப்புக் கருவியைக் கொண்டே இப்பூட்டைக் கிண்டலடிக்கும் பிராணிகளைச் செய்தார்கள். அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். ஆண்டிறுதியில் டோரண்ட்ஃப்ரீக் இணையதளம் வெளியிட்ட கணக்கில், அந்த ஆண்டு அதிகம் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட கேம் இதுதான். 17 லட்சம் முறை. பூட்டு யாரைத் தடுத்தது என்பதை மாணாக்கர் தாமே ஆய்க.

நான்காவது இருப்பு வினா. இது ஒரு முறை கேட்டு அடங்குவதன்று. ஆடும் நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பது. 2010 மார்ச்சில் யுபிசாஃப்ட் 'அசாசின்ஸ் க்ரீட் 2'-இன் கம்ப்யூட்டர் பதிப்பில் இதைப் பொருத்தியது. தனியாளாக ஆடும் கேம். ஆயினும் நெட் இருந்தாக வேண்டும். நெட் அறுந்தால் கேம் நின்றுவிடும். அம்மாத முதல் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை யுபிசாஃப்டின் சர்வர் தாக்குதலில் விழுந்தது. வாங்கியவர்கள் வீட்டில் நெட் இருந்தது, மின்சாரம் இருந்தது, விடுமுறை இருந்தது, கேம் இல்லை. 2012 மே 15 அன்று 'டையப்லோ 3' வெளிவந்தபோது, சர்வர் நெரிசலால் உலகெங்கும் பலர் முதலில் சந்தித்த அரக்கனுக்கு 'எரர் 37' என்று பெயர். 2013-இன் புதிய 'சிம்சிட்டி' இன்னும் ஒரு படி மேலே போய், நகரத்தின் கணக்குகளையே சர்வர்தான் போடுகிறது, நெட் இல்லாமல் முடியவே முடியாது என்றது. சில நாளில் ஒருவர் நெட் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். ஓராண்டு கழித்து நிறுவனமே ஆஃப்லைன் வசதியைத் தந்தது. முடியவே முடியாதது இவ்வாறு முடிந்தது.

ஐந்தாவது ஐய வினா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து டெனுவோ இதன் தலைமகன். கேமுக்குள்ளேயே பின்னிப் பிணைந்து, ஓடும் கம்ப்யூட்டரின் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இதன் தொழில். 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறை பிராசஸர்கள் வந்தன. அவற்றில் வேகக் கோர்கள் சில, சிக்கனக் கோர்கள் சில. கேமின் வேலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியபோது, சில கேம்களில் இப்பூட்டு, 'இது வேறு கம்ப்யூட்டர்' என்று முடிவு கட்டிவிட்டது. ஒரே பெட்டிக்குள், ஒரே சில்லுக்குள் ஆள்மாறாட்டம்! பேட்ச் வரும் வரை ஒரு வழி சொல்லப்பட்டது: பயாஸுக்குள் போய்ப் பழைய கேம்களுக்கான ஓர் அமைப்பை இயக்கிவிட்டு, கேம் தொடங்கும் முன் ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்துக. சிக்கனக் கோர்கள் உறங்கும், பூட்டு அமைதியடையும். எத்தனையோ ஆண்டுகளாக எதற்கென்றே பலருக்குத் தெரியாமல் கீபோர்டில் கிடந்த அவ்விசைக்கு இப்படி ஒரு வாழ்வு வந்தது.

அதே ஆண்டு 'ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ்' கேமில் டெனுவோவும் அதை வெளியிட்ட கேப்காமின் சொந்தப் பூட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்டிருந்தன. எதிரியைச் சுடும்போது காட்சி திக்கித் திக்கி ஓடியது. க்ராக் செய்த பிரதியில் அந்தத் திக்கல் இல்லை. பிறகு கேப்காமும் பேட்ச் விட்டுச் சரிசெய்தது.

இனி, வினவாது வதைக்கும் வஞ்சப் பூட்டு. இது திருட்டுப் பிரதி என்று அறிந்ததும் தடுக்காது, ஆட விடும், விட்டுப் பிடிக்கும். இவ்வியல் எழுதுகையில் உரைகாரர்க்குச் சற்றே நகை தோன்றுதல் இயல்பு. 1998-இன் 'செட்லர்ஸ் 3'-இல் இரும்பு உருக்கும் உலையிலிருந்து இரும்புக்குப் பதில் பன்றி வரும். 'க்ரைசிஸ் வார்ஹெட்'டில் துப்பாக்கியிலிருந்து கோழி பறக்கும். 'ஆர்க்கம் அசைலம்' கேமில் பேட்மேனின் போர்வை விரியாது. தாவினால் விழ வேண்டியதுதான். 'சீரியஸ் சாம் 3'-இல் சாகாத ராட்சதத் தேள் ஒன்று துரத்தும். மைக்கேல் ஜாக்சனின் நடன கேம் ஒன்றின் நிண்டெண்டோ டிஎஸ் பதிப்பில், பாட்டின் மேல் வுவுசெலா ஊதும்.

இவற்றுள் கொடியது 1995-இல் அமெரிக்காவில் வந்த 'எர்த்பவுண்ட்'. திருட்டுப் பிரதியில் எதிரிகள் அளவுக்கு மீறி வருவார்கள். அதையும் பொறுத்து, பல மணி நேரம் ஆடி, கடைசி எதிரியின் முன் வந்து நின்றால், கேம் உறைந்துபோகும். அதுவரை சேமித்ததெல்லாம் அழிந்துபோகும். வஞ்சத்துக்கு இவ்வளவு பொறுமை வேறெங்கும் இல்லை.

2013-இல் 'கேம் டெவ் டைக்கூன்' செய்ததும் இங்கே அடங்கும். கேம் கம்பெனி நடத்தும் கேம் அது. செய்தவர்களே ஒரு திருட்டுப் பிரதியை டோரண்டில் ஏற்றினார்கள். அதில் ஆடுபவரின் கம்பெனி, திருட்டுப் பிரதிகளால் நொடித்துப்போகும். முதல் நாள் கணக்கில் வாங்கியவர் 214 பேர். திருட்டுப் பிரதியில் ஆடியவர் 3,104 பேர். அவர்களுள் சிலர், இந்தத் திருட்டைத் தடுக்க ஏதேனும் பூட்டு கண்டுபிடிக்க வழியுண்டா என்று இணையத்தில் வந்து கேட்டார்கள். இது புனைவன்று.

அற்றேல், வஞ்சப் பூட்டால் வாங்கியவருக்குக் கேடில்லையே, அதுவே சிறந்ததென்று கொள்ளலாமே எனின், ஆகாது. 2006-இன் 'டைட்டன் குவெஸ்ட்'டில் திருட்டுப் பிரதி ஒரு சோதனைக்கு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். ஆடியவர்கள் அதைப் பூட்டென்று அறியவில்லை. கேமே ஓட்டை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அதைக் கேட்டு வாங்க இருந்தவர்களும் தயங்கினர் என்று வெளியீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒருவரே பின்னர் நொந்து எழுதினார். நகைச்சுவை புரிய வேண்டுமானால் அது நகைச்சுவை என்பது தெரிந்திருக்க வேண்டும். பன்றி வந்தால் தெரியும். கேம் படுத்தால் தெரியாது.

அடுத்து வாங்கியவரின் கடுப்பு.

முனகல் புலம்பல் தூற்றல் வழக்கே
உடைத்தல் என்றாங்கு ஐந்தே கடுப்பே.

முதல் நான்கும் மேலே சொன்னவற்றால் விளங்கும். உடைத்தலாவது, காசு கொடுத்து வாங்கிய கேமுக்கே க்ராக் தேடி இறக்குதல். இவர் திருடரா, வாடிக்கையாளரா? அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பூட்டை உடைப்பதே குற்றம், வாங்கியவரே உடைத்தாலும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தால் வந்த 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் குற்றம் என்கிறது. நோக்கம் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததில் நம் சட்டம் எழுதியவர்கள் ஒரு படி மேல் என்பது யாம் கொண்ட கருத்து.

உடைத்தலுள் ஓர் அரிய உட்பிரிவு உண்டு. 2008 ஜூலையில், 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'-ஐ டவுன்லோடாக வாங்கியவர்கள் ஒரு பேட்ச் போட்டதும், கேம் அவர்களிடம் சிடியைக் கேட்டது. அவர்களிடம் சிடி ஏது? யுபிசாஃப்ட் ஒரு தீர்வுக் கோப்பைத் தந்தது. கேமும் ஓடியது. அக்கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே ரீலோடட் என்ற க்ராக் குழுவின் பெயர் கிடைத்தது. பூட்டியவரே தம் பூட்டைத் திறக்கக் கள்ளச் சாவியை எடுத்துத் தந்திருக்கிறார். செய்தி பரவியதும் கோப்பை நீக்கிவிட்டார்கள். இவ்வுட்பிரிவுக்கு இவ்வொரு எடுத்துக்காட்டே போதும்.

எஞ்சியது ஒன்று. கேள்வி கேட்கும் சர்வரே மூடப்பட்டால் என்ன செய்வது? 'தி க்ரூ' என்னும் கார் கேமை 2014 முதல் விற்றார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆட விரும்பியவருக்கும் அன்றோடு சரி. வாங்கியவரிடம் சிடி உண்டு, கணக்கு உண்டு, நெட் உண்டு. ஐந்து வினாக்களுக்கும் விடை சொல்ல அவர் அணியமாக இருக்கிறார்.

இந்த இடத்தில் இந்நூலுக்குப் போட்டியாக ஒருவர் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் எந்தப் பூட்டை யார் உடைக்கலாம் என்று மூன்றாண்டுக்கு ஒரு முறை வகுத்துச் சொல்பவர் நீதிபதியல்லர். அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் நூலகர். சரிபார்க்கும் சர்வரை நிறுவனம் கைவிட்டுவிட்டால், கேம் முழுதும் வாங்கியவரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பட்சத்தில் பூட்டை அவரே உடைத்துக்கொள்ளலாம் என்று 2015-இல் விலக்கு வந்தது. கேமின் உள்ளடக்கம் சர்வரில் இருந்தால் இவ்விலக்கு பொருந்தாது. அடுத்த வகைப்பாடு 2027-இல். இந்நூலின் படி ஒன்றை அவருக்கு அனுப்புவதாக உள்ளோம். படியெடுக்கத் தடையில்லை.