கஞ்சத்தனம் போச்சு, விருது வந்தது டும் டும் டும்

எங்கள் அப்பாவுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. ‘கஞ்சன்’ என்பதை அதன் மரியாதையான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரையூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளி வாத்தியார். தபாலில் வரும் உறையைக் கிழிக்கவே மாட்டார். ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தடவி, பசை இளகியதும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒட்டுவார். அனுப்பியவருக்கு அவர் உறையிலேயே பதில் போகும். வேட்டி நைந்தால் துண்டு, துண்டு கிழிந்தால் கரித்துணி, கரித்துணியும் இற்றுப்போனால் கார்த்திகைக்குத் திரி. எங்கள் வீட்டில் வேட்டிக்கு இயற்கை மரணம் கிடையாது, தகனம்தான்.

மதுரையில் கல்லூரியில் சேர்த்துவிட மஞ்சள் பையோடு வந்தார். விடுதி வாசலில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“அந்தப் பையைக் கொஞ்சம் உள்ள வைங்கப்பா.”

“ஏம்மா, அதுக்குக் குளிருதா?”

இதற்கெல்லாம் காரணம் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்துவிட்டு, கோட்டு சூட்டைக் கழற்றிக் காந்தியிடம் சேர்ந்தவர். சிறையில் அவர் எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலில் புலி, குரங்கு, தேனீ எல்லாம் வரும். புலி கொன்று தின்கிறது. குரங்கு யாரோ வளர்த்த தோப்பில் பறித்துத் தின்கிறது. தேனீ கூட்டுக்காக உழைக்கிறது. கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்த குமரப்பா, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே மறைந்தார். இளவயதில் சைக்கிள் மிதித்துப் போய் அவரைப் பார்த்துவந்த அப்பா, நாங்கள் எதைக் கேட்டாலும் “இது புலிப் புத்தியா, குரங்குப் புத்தியா, தேனீப் புத்தியா?” என்பார். தீபாவளிக்கு இன்னொரு கட்டுப் பட்டாசு கேட்ட என் தம்பி பொங்கல் வரை குரங்காக இருந்தான்.

இப்போது சென்னையில் அடுக்ககவாசம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிவிட்டது. விடுதி வாசலில் சிரிப்பு வாங்கிய பை இன்று அமைச்சர்கள் கையில்!

போன மாதம் குடியிருப்போர் சங்கம் எங்களுக்கு ‘பசுமைக் குடும்பம்’ விருது கொடுத்தது. எல்லாம் மகளின் ஆன்லைன் உபயம்: மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, சிரட்டைக் கிண்ணம், பீர்க்கை நார். ஊரில் வேலியில் காய்ந்து தொங்கிய அதே பீர்க்கை நார்தான். இங்கே அட்டைப்பெட்டிக்குள் காகிதம் சுற்றி, மேலே பிளாஸ்டிக் டேப் ஒட்டி, பைக்கில் வந்து இறங்கியது. விருதோடு ஒரு துணிப்பையும் தந்தார்கள். அதை வைக்கத்தான் இடமில்லை. அலமாரி முழுக்கத் துணிப்பை.

அப்பா பணமில்லாமல் அப்படி வாழவில்லை. தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்க என்று கேட்டால் எண்ணிப் பார்க்காமல் கொடுப்பார். ஒட்டிய உறையைத் திண்ணையில் காயவைத்துவிட்டு, ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாரே, அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிறைவு, ‘ஆர்டர் டெலிவர்டு’ என்று போன் சொல்லும்போது எங்கள் யார் முகத்திலும் வந்ததில்லை. வந்தாலும் அடுத்த ஆர்டர் வரைதான்.

பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மனசுக்கு ஒப்பாததைச் செய்யமாட்டார். ஒப்பியதைச் செய்ததில் வயிறு நிறைந்த மாதிரி இருந்தார். ‘போதும்’ என்று தோன்றாத வீட்டில் எத்தனை பசுமைச் சாமான் வந்து இறங்கினாலும் குப்பை குறையப்போவதில்லை. அடுத்த துணிப்பையை வாங்குமுன் வீட்டில் இருப்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.