சைக்கிள் திணை: ஒரு பொருளதிகார ஆராய்ச்சி

ஐந்திணை வகுத்த காலத்தில் சைக்கிள் இல்லை. அதனால் நேர்ந்த குறையை இனியும் பொறுப்பதற்கில்லை. சென்னையில் ஆபீஸ், கரண்ட் பில், பிள்ளைகளின் டியூஷன் என்று அல்லாடும் ஒருவர், ஆண்டு முழுக்க வாரம் தவறாமல் சைக்கிள் ஓட்டுமாறு எங்ஙனம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெட்ரோவுக்குத் தோண்டியது போக எஞ்சியதே நிலம். பொழுதுதான் சிக்கல். பெரும்பொழுது 6, சிறுபொழுது 6, பெருக்கினால் 36. இளவேனிலில் அக்னி நட்சத்திரம் குறுக்கிடுவதால் வைகறை தவிர மற்றவை விலக்கு. முதுவேனிலில் காலையிலேயே மேல்காற்று கிளம்பிவிடும். கோடம்பாக்கத்திலிருந்து மெரினா போகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ள, நமக்கு இத்தனை தெம்பா என்று அவர் பூரித்துப்போவார். பூரிப்பு கண்ணகி சிலை வரைக்கும்தான், திரும்பும்போது தெரியும் சேதி. காருக்குச் சாயங்கால இடி. கூதிர் வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. நகரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இதில்தான் கொட்டும். ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது, பள்ளம் எது தெரு எது என்பது விழுந்த பிறகே விளங்கும். முன்பனியோ சைக்கிளுக்கென்றே படைக்கப்பட்ட பருவம். ஆயினும் மார்கழி விடியலில் வாசலுக்கு வாசல் கோலம். மிதிக்காமல் வளைந்து போக சர்க்கஸ் பயிற்சி வேண்டும். பின்பனியில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் பொதுத்தேர்வும் வந்துவிடும். ஆக, பொழுது பார்த்து ஓட்டுவோம் என்பவருக்கு 36-இல் தேறுவது சொற்பம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமே என்பாரும் உளர். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இருந்ததில்லை போலும்.

இனி உரிப்பொருள். கடையில் கண்டதும் காதல், 21 கியர், கொசுறாக வாட்டர் பாட்டில்: இது குறிஞ்சி. அடுத்த வாரம் வருவார் என்று மாடிப்படிக்கு அடியில் காத்திருத்தல் முல்லை. பெசன்ட் நகர் உப்புக்காற்றில் செயின் துருவேறி இரங்குதல் நெய்தல். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரரோடு அனுப்பிவைத்தல் பாலை.

மருதத்தைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். இதில் பரத்தை, ஸ்கூட்டி. தலைவர் தெருமுனைக் கடைக்கும் அதில்தான் போகிறார். மாதம் கழித்து மனம் மாறிப் படிக்கட்டடிக்கு வந்தால், சைக்கிள் ஊடிக்கொண்டு டயரைத் தரையில் பரத்திக் கிடக்கிறது. இந்த ஊடல் தீர்க்கும் வாயில், பஞ்சர் கடைக்காரர். அவர் எடுத்தவுடன் டயரைக் கழற்றுவதில்லை. வால்வைத் திருகி, வால் டியூபை உருவிப் பார்க்கிறார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கிறது. "ஓட்டாம வெச்சிருந்தா இப்படித்தான் சார்" என்கிறார். அப்படியும் காற்று நிற்காவிட்டால்தான் டியூப் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். குமிழி கிளம்பும் இடத்தைக் கட்டைவிரலால் பொத்தி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பக்கத்துக் கடை டீயைக் குடிக்கிறார். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காதாம். அகத்துறைத் தூது இலக்கியத்தில் இவ்வளவு பொறுமையான வாயிலை நாம் கண்டதில்லை.

அற்றேல், ஆண்டு முழுக்க ஓட்டுவோர் எவருமே இலரோ எனின், உளர். பேப்பர் போடுகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு சுற்றுகிறவர், கோலமாவு விற்கிறவர். இவர்கள் பொழுதைக் கேட்டு ஓட்டவில்லை. ஐப்பசி மழையிலும் சீட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். சைக்கிளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியவருடைய வண்டி படிக்கட்டடியில் நிற்க, ஒதுக்காதவருடையது ஓடுவது இந்த ஆய்வில் கண்ட முதன்மையான முரண். எனவே உரிப்பொருளாவது உடற்பயிற்சி அன்று, வேலை என்க.

இதற்குக் கணக்கும் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றரை கிலோமீட்டரில் ஆபீஸ் இருந்தால், மெதுவாக மிதித்தாலும் போக 15 நிமிடம், வர 15. ஐந்து நாளில் 150 வந்துவிடும், தனியாக ஒரு நிமிடமும் தேட வேண்டாம். வியர்க்காதோ எனின், வியர்க்கும். பையில் மாற்றுச் சட்டை ஒன்று. ஆபீஸ் 20 கிலோமீட்டரில் உள்ளவர்க்கு ரயிலடி வரை கொள்க. அதுவும் இயலாதார்க்குக் கொத்தமல்லி உண்டு: எந்த வீட்டிலும் மாலை 6 மணிக்கு அது தீர்ந்திருக்கும். அந்நேரம் ஸ்கூட்டிச் சாவி கண்ணில் படாதிருக்க ஆவன செய்க.

தொடங்கும் நாள் பற்றி ஒரு குறிப்பு. காலண்டரில் அச்சிடும் அட்டவணைப்படி ராகு காலம் எந்தக் கிழமையிலும் காலை 6 முதல் 7.30 வரை வருவதே இல்லை. வியாழனன்று மட்டும் அந்நேரம் எமகண்டம், சனியன்று குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது வழக்கு. ஆகவே முதல் மிதி சனிக்கிழமை காலை 6 மணிக்கு என்று பரிந்துரைக்கலாம். ஆனால் வண்டி வாங்கும் வேலையை அந்நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் அத்தனை இடம் கிடையாது.