குறி தொப்பைக்கு, விழுந்தது சர்க்கரை

சர்க்கரை வியாதிக்குக் கத்தி வைத்த கதையை எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஒரு நாய் வந்து மூத்திரம் பெய்கிறது. நான் என்ன செய்யட்டும்? வரலாறு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதுவும் இருந்த வியாதியைத் தீர்த்து அல்ல, இல்லாத வியாதியை வரவழைத்து.

1889. ஸ்ட்ராஸ்பர்க் நகரம். இன்றைக்கு அது பிரான்ஸ். அன்றைக்கு ஜெர்மனி, 1870–71 போரில் ஜெயித்துப் பிடுங்கி வைத்திருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் யோசெஃப் ஃபான் மேரிங் என்று ஒரு டாக்டர், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்று ஒரு டாக்டர். மின்கோவ்ஸ்கியின் தம்பி ஹெர்மன், பின்னாளில் ஐன்ஸ்டைனுக்கே கணக்குப் பாடம் எடுத்தவர். தம்பி காலத்தையும் வெளியையும் ஆராய்ந்தார், அண்ணன் நாய் மூத்திரத்தை ஆராய்ந்தார். உங்களுக்கும் எனக்கும் உடனே பயன்பட்டது அண்ணனுடைய ஆராய்ச்சிதான்.

இரண்டு பேரும் நூலகத்தில் சந்தித்தபோது பேச்சு கணையத்தின் பக்கம் போனது. கொழுப்பு செரிக்கக் கணையம் வேண்டுமா, வேண்டாமா? எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் மின்கோவ்ஸ்கி. அது நடக்காத காரியம் என்றார் மேரிங். கிளாட் பெர்னார் மாதிரி உடலியல் ஜாம்பவானே முடியாது என்று கைவிட்ட வேலை அது. மின்கோவ்ஸ்கிக்கு முப்பத்தொரு வயது. அந்த வயதில் 'முடியாது' என்ற சொல் காதில் விழாது. அன்றைக்கே ஒரு நாயைப் பிடித்து, மேரிங்கையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கணையத்தை முழுசாக எடுத்துவிட்டார். நாய் சாகவில்லை. தக்க கூண்டு இல்லாததால் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு மூலையில் கட்டிப்போட்டார்கள். மேரிங் உடம்பு சரியில்லாத மாமனாரைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். மருத்துவ வரலாற்றின் திருப்புமுனை நடந்த நேரத்தில் மனிதர் மாமனார் வீட்டில் இருந்தார்.

நல்ல பழக்கமுள்ள அந்த நாய் இப்போது தரையெல்லாம் நனைத்தது. ஒழுங்காக வெளியே கூட்டிப்போவதில்லையா என்று மின்கோவ்ஸ்கி உதவியாளர் மேல் பாய்ந்தார். கூட்டித்தான் போகிறேன், இப்போதுதான் போய்விட்டு வந்தது, வந்ததும் மறுபடி போகிறது என்று உதவியாளர் புலம்பினார். மூத்திரத்தில் ஈ மொய்த்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்று பாடப் புத்தகங்களில் ஒரு கதை சுற்றுகிறது. ஆனால் மின்கோவ்ஸ்கி தன் நினைவுகளில் சொன்னது உதவியாளரின் இந்தப் புலம்பலைத்தான். பெயர் தெரியாத அந்த ஆய்வுக்கூட ஊழியருக்குச் சேர வேண்டிய புகழை ஈக்கள் தட்டிக்கொண்டு போய்விட்டன.

மின்கோவ்ஸ்கி தரையில் கிடந்ததை உறிஞ்சி எடுத்துச் சோதித்தார். 12 சதவீதம் சர்க்கரை! இன்னும் சில நாய்களை அறுத்துப் பார்த்தார். எல்லா நாய்க்கும் சர்க்கரை. ஆக, கத்திக்கும் சர்க்கரைக்கும் முதல் உறவு இதுதான். அறுத்தால் வரும்.

அன்றைக்குக் கணையத்துக்குப் பட்டம் கட்டியாயிற்று. சர்க்கரை என்றால் கணையம், கணையம் என்றால் சர்க்கரை. குடல், இரைப்பை எல்லாம் வெறும் சாப்பாட்டுக் குழாய்.

அடுத்த காட்சி கனடா. அங்கேயும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. 1920-ல் அங்கே கிளினிக் திறந்த ஃபிரெட்ரிக் பேன்டிங், முதல் மாதம் சம்பாதித்தது 4 டாலர். அறுவை மருத்துவர். அறுக்க ஆள் வரவில்லை. சும்மா இருந்தவருக்கு ஒரு நள்ளிரவில் யோசனை தோன்றியது: நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டு மிச்சத்திலிருந்து சாறு எடுத்தால் என்ன? 1921-ல் டொரண்டோவில் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவருடன் வேலையில் இறங்கினார். 1922 ஜனவரியில் இன்சுலின் முதல் நோயாளியின் உடம்பில் ஏறியது. 1923-ல் நோபல் பரிசு. பரிசை யாருக்குக் கொடுப்பது என்று நடந்த சண்டை தனிக் கதை, அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஓர் அறுவை மருத்துவர் கண்டுபிடித்துத் தந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறுவை மருத்துவர்களைச் சர்க்கரை வார்டுப் பக்கமே அண்டவிடாமல் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

குடலோ விடாமல் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் வயிற்றுப் புண் என்றால் மாத்திரை இல்லை, கத்திதான். இரைப்பையில் பாதியை வெட்டுவார்கள், இல்லையென்றால் இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு கொண்டுபோய்த் தைப்பார்கள். 1925-ல் லண்டனில் (இது அசல் லண்டன்) லேட்டன் என்ற டாக்டர் 'லான்செட்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். லேசான சர்க்கரை இருந்த ஒருவருக்கு இப்படித் தைத்த பிறகு சிறுநீரில் சர்க்கரையைக் காணோம்! உலகம் என்ன செய்தது? பக்கத்தைப் புரட்டியது. இன்சுலின் வந்து மூன்றே வருடம். கல்யாண வீட்டில் எல்லாரும் புது மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நிற்கும் தூரத்து உறவை யார் கவனிப்பார்கள்?

1955-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மேனும் கூட்டாளிகளும் அதே சேதியை மறுபடி சொன்னார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்த 3 நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. அதையும் தூக்கி அலமாரியில் வைத்தார்கள். புண்ணை அறுத்தவர் புண்ணைப் பார்த்தார். சர்க்கரை டாக்டர் அறுவை இதழைப் படிக்கவில்லை. நோயாளி இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஃபீஸ் கொடுத்தார்.

இதற்குள் வேறொரு கோஷ்டி கத்தியோடு களத்தில் இறங்கியிருந்தது. இவர்களுக்கு எதிரி கொழுப்பு. 1952-ல் சுவீடனில் ஹென்ரிக்சன் ஒரு பெண்ணின் சிறுகுடலில் 105 சென்டிமீட்டரை வெட்டி எடுத்ததாக எழுதினார். அமெரிக்கர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். குடலை ஏன் வெட்ட வேண்டும், சும்மா ஓரங்கட்டிவிட்டால் போதாதா? சுமார் 20 அடி நீளச் சிறுகுடலில் தொடக்கத்தில் 14 அங்குலம், கடைசியில் 4 அங்குலம், இரண்டையும் இணைத்துவிட்டு நடுவில் உள்ளதை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஆள் இளைத்தார். இளைத்த கையோடு ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்கு ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் வெற்றி, நோயாளி கழிப்பறையில். 1970-களின் முடிவில் இந்த முறையை ஓசைப்படாமல் கைகழுவினார்கள்.

அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் கொஞ்சம் நிதானமான ஆள். புண்ணுக்காக இரைப்பையை வெட்டிய பெண்கள் இளைத்தே இருப்பதைக் கவனித்தார். ஆபரேஷனின் பக்கவிளைவையே வைத்தியமாக்கினால் என்ன? 1966-ல் இட்டோ என்ற சக மருத்துவருடன் சேர்ந்து இரைப்பை பைபாஸைத் தொடங்கிவைத்தார். பைபாஸ் என்றதும் நமக்கு நெஞ்சும் நெடுஞ்சாலையும்தான் நினைவுக்கு வரும். இது மூன்றாவது பைபாஸ். இன்றைக்குச் செய்யும் வடிவத்தில் இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். மீதி இரைப்பையும், அதை ஒட்டிய முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும், சாறும் சுரக்கும். சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது.

வடக்கு கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊரில் வால்டர் போரீஸ் 1980 முதல் இந்த பைபாஸைச் செய்தார். எடை குறைக்கத்தான் செய்தார். ஆனால் வார்டில் ஒரு விசித்திரம். ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, இடுப்பில் ஒரு கிலோ கூட ஒழுங்காகக் குறையாதபோதே, நோயாளிகளுக்கு இன்சுலின் வேண்டியிருக்கவில்லை. ஆள் அதே குண்டு, சர்க்கரை மட்டும் நார்மல். பரிசோதனைக்கூடம்தான் தப்பு செய்கிறது என்று முதலில் நினைக்கத் தோன்றும், யாருக்கும். போரீஸ் எண்ணிக்கொண்டே வந்தார். 1995-ல் கணக்கை வெளியிட்டார். மொத்தம் 608 பேர், அதில் சர்க்கரை வியாதி உள்ளவர் 146 பேர், சர்க்கரை இயல்புக்குத் திரும்பியவர் 121 பேர். கட்டுரைத் தலைப்பிலேயே 'இதை யார் நினைத்திருப்பார்கள்?' என்ற அர்த்தத்தில் ஒரு கேள்வியைப் போட்டார். மருத்துவ இதழ்த் தலைப்புகளில் இத்தனை மனுஷத்தனம் அபூர்வம். லேட்டன் உயிரோடு இருந்திருந்தால் பதில் எழுதிப் போட்டிருப்பார்.

சர்க்கரை டாக்டர்கள் அசரவில்லை. முட்டையளவு வயிற்றை வைத்துக்கொண்டு ஆள் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும் என்றார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, கிண்டலை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்கிறேன். 1870–71-ல் ஜெர்மன் படை பாரிசை முற்றுகையிட்டபோது ஊரில் சாப்பாடு தீர்ந்து, எலியையும் மிருகக்காட்சிசாலை யானையையும் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் தன் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை அப்போலினேர் பூஷார்டா என்ற டாக்டர் கவனித்தார். பட்டினி சர்க்கரையை இறக்கும் என்பது பழைய உண்மை. அப்படியானால் கத்தியின் வேலை ஆளைப் பட்டினி போடுவது மட்டும்தானா?

விடை வந்த ஊர் எது தெரியுமா? ஸ்ட்ராஸ்பர்க். அதே ஊர், கொடி மட்டும் மாறியிருந்தது. 2004-ல் பிரான்செஸ்கோ ரூபினோவும் ஜாக் மரெஸ்கோவும் கோட்டோ–ககிசாகி என்ற எலிகளை எடுத்தார்கள். இந்த எலிகளுக்குத் தொப்பை கிடையாது, சர்க்கரை மட்டும் பிறவியிலேயே உண்டு. நம் ஊரிலும் அப்படி ஒல்லியான சர்க்கரைக்காரர்கள் ஏராளம், பெயர்தான் ஜப்பானியப் பெயர் இல்லை. எலியின் இரைப்பையைத் தொடவே இல்லை. முன்சிறுகுடலை மட்டும் சாப்பாட்டுப் பாதையிலிருந்து விலக்கினார்கள். இன்னொரு பக்கம் வேறு எலிகளைப் பட்டினி போட்டார்கள், சிலவற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஜெயித்தது அறுத்த எலி. 2006-ல் ரூபினோ குழு இன்னும் ஒரு படி போய், சாப்பாட்டை மறுபடி அதே முன்சிறுகுடல் வழியாக விட்டுப் பார்த்தது. சர்க்கரை மறுபடி கெட்டது. 1889-ல் நாய்க்குச் சர்க்கரை வரவைத்த ஊரில், 115 வருடம் கழித்து எலியின் சர்க்கரையை இறக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

வெறும் குழாய் என்று ஒதுக்கிய குடல் உண்மையில் ஒரு பெரிய ஹார்மோன் சுரப்பி. சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் நிறையச் சுரந்து, இன்சுலினை வெளியே விடச் சொல்லிக் கணையத்தைத் தட்டியெழுப்புகிறது. பித்த அமிலங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மேல்குடலைத் தவிர்ப்பதுதான் முக்கியமா, கீழ்க்குடலை முந்திச் சந்திப்பதுதான் முக்கியமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. இன்று ஊரெல்லாம் பேசும் ஓசெம்பிக் ஊசி இந்த ஜிஎல்பி-1 போலவே நடிக்கும் மருந்துதான்.

2012-ல் இரண்டு ஆய்வுகள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தன. கிளீவ்லேண்டில் 150 பேர், ரோமில் 60 பேர். இரண்டிலும் கத்தி மருந்தை வென்றது. 2016-ல் 45 மருத்துவ அமைப்புகள் கூடிக் கையெழுத்துப் போட்டு, சர்க்கரை வைத்திய ஏணியில் அறுவைக்கும் ஒரு படி கொடுத்தன. நாயிலிருந்து கையெழுத்து வரை 127 வருடம்.

அந்த ஏணியில் நமக்கென்று தனிச் சலுகை வேறு உண்டு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ அளவில் ஆசியர்களுக்கு 2.5 குறைத்துக்கொள்ளலாம். மருந்தும் ஊசியும் கேட்காத சர்க்கரை என்றால், மற்றவர்களுக்கு 30-லிருந்து யோசிப்பதை நமக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 75 கிலோ. நம் வீடுகளில் அந்த எடைக்குப் பெயர் 'நல்ல உடம்பு'. குறைந்த எடையிலேயே சர்க்கரை நம்மைப் பிடித்துக்கொள்வதால் வந்த சலுகை இது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுப் போன் போடாதீர்கள். இது டைப் 2 சர்க்கரைக்கு, அதுவும் எல்லாருக்கும் அல்ல. பைபாஸ் செய்துகொண்டவர் பி12, இரும்புச் சத்து, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசைக்கு மைசூர்பாகு ரெண்டு வில்லை போட்டால் நெஞ்சு படபடத்து, வியர்த்துக்கொட்டி, தலை சுற்றிப் படுக்க வேண்டியதுதான். சர்க்கரை போனது போனதுதான் என்றும் சொல்ல முடியாது. அந்த ரோம் ஆய்வில் அறுத்துக்கொண்ட பலருக்குச் சில வருடங்களில் அது திரும்பி வந்தது. 10 வருடம் கழித்து எண்ணியபோது, அறுத்தவர்களில் 37.5 சதவீதம் பேர்தான் சர்க்கரையில்லாமல் இருந்தார்கள். மருந்து அணியில் ஒரே ஒருவர். அவரும் நடுவில் அணி மாறிப் போய் அறுத்துக்கொண்டவர்.