ஆலாத்தியும் 100 பிரேமும்: ஹெந்தளை வீட்டு வீடியோவில் ஸ்லோமோஷன் குறித்த ஆய்வு

இலங்கையின் ஹெந்தளையில் ஒரு சாமத்திய வீட்டில் ஆலாத்தியின்போது மாமி தூவும் பூவிதழ் பிள்ளையின் தலையில் விழ ஒரு வினாடிதான் ஆகும். வீடியோவில் அது நாலு வினாடி மிதக்க வேண்டும் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. இடைப்பட்ட மூன்று வினாடி எங்கிருந்து வரும்? இதுவே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

ஸ்லோமோஷனின் மூலவர் ஒரு பாதிரியார். ஆஸ்திரியாவின் ஆகஸ்ட் முஸ்கர் 1904இல் இதற்கான கருவிக்குக் காப்புரிமை பதிந்தார். கட்டணம் கட்டாததால் உரிமை பின்னர் கைவிட்டுப் போனது. கத்தோலிக்கர் நிறைந்த ஹெந்தளையிலும் அவருக்கென்று ஒரு மெழுகுதிரி எரிவதாகத் தெரியவில்லை.

அவருடைய வழி எளிது: வேகமாக எடு, மெதுவாகக் காட்டு. நம்மவர் வழி, சாதாரணமாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் இழுப்பது. வினாடிக்கு 25 பிரேமில் எடுத்ததை நாலு மடங்கு இழுத்தால், ஒவ்வொரு பிரேமும் நாலு முறை வரும். இதழ் மிதக்காது; படியிறங்கும். பழைய டேப் கேமராவின் 25 பிரேமுக்குள் 50 அரைப்படங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்தால் இரண்டு மடங்கு கிடைக்கும், கூர்மை கொஞ்சம் போகும். அதற்கு மேல் மென்பொருள்தான் இடைப்படங்களை ஊகிக்க வேண்டும். சிவப்பு இதழ் சிவப்புச் சேலைக் கரையைக் கடக்கும் இடத்தில் ஊகம் பிசகும்: இதழ் கரைக்குள் உருகும், மாமியின் வளையல் கூழாகும், விரல் ஆறாகும்.

2013இல் ஐபோன் 5எஸ் 120 பிரேமோடு வந்ததும் சிக்கல் தீர்ந்ததென்று பலர் நம்பினர்.

தீரவில்லை. பகலில் முற்றத்தில் அருமையாக வந்த படம், இரவு ஹோலில் டியூப் லைட் வெளிச்சத்தில் மினுக்கத் தொடங்கியது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 120 பிரேம் அதனோடு ஒத்துப்போகாது. சில பிரேமில் வெளிச்சம் கூடும், அடுத்த சிலவற்றில் குறையும். மெதுவாக ஓட்டினால் வினாடிக்கு நாலைந்து முறை மாமியின் முகம் இருண்டு வெளுக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், விளக்கு 120 முறை ஒளிரும். ஆக அங்கே பிறந்த எண் அங்குள்ள ஆலாத்திக்கே பொருந்துகிறது.

ஹெந்தளைக்கு உரிய எண் 100. 100 பிரேம், ஷட்டர் 1/100: ஒவ்வொரு பிரேமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பைப் பிடிக்கும், மினுக்கம் அடங்கும். அந்த வசதியில்லாத போன்காரருக்கு எஞ்சியது வெயில். ஆலாத்தியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஐயர் குறித்த நேரம் இரவு ஏழரை என்றால், அதை மாற்றும்படி அவரிடம் போய்ச் சொல்லப் போகிறவர் யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.